ஒன்றரை சென்டிமீட்டர் கட்டம்

போன சனிக்கிழமை துடியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில், ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒரு பேப்பரை அளந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஆதார் அட்டையை நகல் எடுக்க நின்றவர்கள், ஏதோ சர்வே டிபார்ட்மென்ட் ஆள் வந்திருக்கிறாள் என்பது போல ஒதுங்கி இடம் விட்டார்கள்.

"ஏனுங்க அம்மணி… துணிக்கு அளவெடுப்பாங்க, இடத்துக்கு அளவெடுப்பாங்க. பேப்பருக்குமா?" என்றார் கடைக்காரர் மயில்சாமி அண்ணன்.

பேப்பருக்கும்தான். அதில் இருக்கிற ஒவ்வொரு கட்டமும் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நான் கேட்டது அதுதான். அவர் தலையாட்டியதும் அதற்குத்தான். என் கையில் இருந்ததோ வேறு ஏதோ ஒரு அளவு.

இருங்கள், வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும் — லிஸ்ட் போடாமல் எனக்குக் கறிவேப்பிலைகூட வாங்க வராது.

என் அக்கா லீனாவின் மகள் ஜெனி. மூன்றாம் வகுப்பு. அக்கா குடும்பம் கீழே, நான் மாடியில். ஜெனியிடம் வாயால் கேட்டால் கணக்கு நன்றாக வரும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, முன்னால் போகிற வண்டிகளின் நம்பர்களைக் கூட்டிச் சொல்லிக்கொண்டே வருவாள். சிக்னலில் நான் சரிபார்த்திருக்கிறேன். சரியாகவே இருக்கும்.

அதே பெண் நோட்டில் எழுதினால்… தப்பு. ஒன்றிரண்டு இல்லை, பக்கம் பக்கமாகத் தப்பு. எண்கள் கோணலும் மாணலுமாக, ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் இடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஒரே சொல்: "கேர்லெஸ்".

வெள்ளிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். அக்காவுக்கு டியூட்டி. நான் போனேன். கணக்கு மிஸ் நல்லவர்தான். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற களைப்பு முகத்தில் இருந்தது.

"ஜெனிக்கு எல்லாம் தெரியுதுங்க. ஆனா நேரா எழுத மாட்டேங்கிறா. திங்கக்கிழமை டெஸ்ட்டுங்க. அதுலயும் குறைஞ்சா எக்ஸ்ட்ரா கிளாஸ் பேட்ச்ல போட்டாகணும். பி.டி. பீரியட்லதான் நடத்துவோம்."

பி.டி. பீரியட் என்றதும் ஜெனி என் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்தாள். இவள் பள்ளிக்கூடம் போவதே கோ-கோ ஆடுவதற்காக. நடுவில் அவர்கள் பாடமும் நடத்துகிறார்கள், அவ்வளவுதான்.

"ஒண்ணு செய்யுங்க. பெரிய கட்டம் போட்ட பேப்பர் கெடைச்சாக் கொண்டாங்க. டெஸ்ட்டை அதுலயே எழுதட்டும். கட்டத்துக்கு ஒரு எண்ணுன்னு எழுதிப் பழகினா நேராயிரும். ஒவ்வொரு தாள்லயும் நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றேன்" என்றார் மிஸ்.

நியாயமான யோசனை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"சித்தி… நான் மக்குங்களா?"

கவனியுங்கள். தன்னை மக்கா என்று கேட்கும்போதுகூட "ங்க" போட்டுத்தான் கேட்கிறாள். கோயம்புத்தூர்க் குழந்தை.

"யாரு கண்ணு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. எனக்கே தெரியுது."

எனக்குப் பதில் தெரியாதபோது நான் லிஸ்ட் போடுவேன். அன்றும் போட்டேன். முதல் வரி — பெரிய கட்டப் பேப்பர்.

சனிக்கிழமை காலை ஜெனியையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனரி கடைகளுக்குப் போனேன். கட்டப் பேப்பர் என்றால் ஊரில் என்னென்ன கிடைக்கிறது தெரியுமா? பத்தாம் வகுப்புக்காரர்கள் வாங்குகிற மில்லிமீட்டர் கிராஃப். அதில் ஜெனி ஒரு எட்டு போட்டால் எட்டுக்குள் நூறு கட்டம் சிக்கும். அடுத்தது, சின்னக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு. அதில்தான் இப்போது இடித்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது, எல்.கே.ஜி. நோட்டு. கட்டம் அருமையான அளவு. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மேலே ஒரு வாத்து. தொப்பி போட்ட வாத்து.

"இதையே வாங்கிக்கலாமா கண்ணு?"

ஜெனி வாத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது பாப்பா நோட்டுங்க சித்தி. கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க. நான் தப்பாவே எழுதிக்கறனுங்க."

கடைக்காரருக்கு ஆச்சரியம். "வாத்து நல்லாத்தானுங்க இருக்குது?" என்றார். வாத்து நன்றாகத்தான் இருக்கிறது. எட்டு வயதுக்காரிக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே… வாத்து இல்லாமல் பெரிய கட்டம் போட்ட ஒரு நோட்டு அச்சடித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பெரிய கட்டம் வேண்டியவர்கள் எல்லோரும் நான்கு வயதில் நின்றுவிடுகிறார்கள் என்று யார் முடிவு செய்தது?

சரி, நாமே அச்சடித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் பம்ப்புகளுக்கு டிசைன் வரைவதுதான் என் பிழைப்பு. கோடு போடுவதற்குத்தான் சம்பளமே. நான்கு கோடு குறுக்கே, நான்கு கோடு நெடுக்கே. இதென்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். இந்த வாக்கியத்தை நினைத்த எந்த இன்ஜினியரும் அதற்கப்புறம் நிம்மதியாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் அக்கா வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினார். "எதுக்கு அம்மணி கஷ்டப்படறே? நெட்டுலயே ஃப்ரீயாக் கெடக்குது" என்று குரல் பதிவு வேறு. திறந்து பார்த்தேன். அமெரிக்கப் பேப்பருக்கு வரைந்தது. அவர்கள் பேப்பர் நம் ஏ-ஃபோரைவிட அகலம் கொஞ்சம் கூட, உயரம் குறைவு. நம் தாளில் அடித்தால் ஓரம் போகும், இல்லையென்றால் சுருங்கும், அடியில் ஒரு பட்டை காலியாக நிற்கும். கட்டங்கள் அங்குலக் கணக்கில். போதாததற்கு அந்த வெப்சைட்டின் பெயர் தாளின் குறுக்கே சாய்ந்து படுத்திருக்கிறது. "நல்லா இருக்குங்க மாமா" என்று பதில் போட்டுவிட்டு என் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

உங்கள் வீட்டிலும் என்றாவது தேவைப்படலாம் என்பதால் சொல்லிவைக்கிறேன். ஒரு சென்டிமீட்டர் கட்டம், மூன்றாம் வகுப்புக் கைக்குச் சின்னது. இரண்டு சென்டிமீட்டர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஏ-ஃபோரில் பத்துக் கட்டம் வைத்தாலே தாள் நிறைந்துவிடும். ஓரத்தில் அரை விரல் அகலம்கூட மிஞ்சாது; அந்த இடத்தில் பிரின்டர் மை போடாது. கடைசிக் கோடு காணாமல் போகும். ஒன்றரை என்றால் குறுக்கே பதின்மூன்று, நெடுக்கே பதினெட்டு. சுற்றிலும் மூச்சு விட இடம். கோட்டின் நிறத்தைச் சாம்பலாக வைக்கலாம் என்று தோன்றும். வைக்காதீர்கள். கடையில் இருக்கிற மெஷினுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. கறுப்பைப் புள்ளி புள்ளியாகத் தூவும். கோடு எறும்பு வரிசை மாதிரி வரும். கறுப்புதான் வேண்டும், ஆனால் மெல்லிசாக வேண்டும். கோடு பென்சில் எழுத்தோடு சண்டைக்கு நிற்கக் கூடாது.

இத்தனையும் பார்த்துப் பார்த்து வரைந்து, ஃபைலை மயில்சாமி அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, நேரிலும் போய் நின்றேன்.

"அண்ணா, இதை அப்படியே ஆக்சுவல் சைஸ்ல போடுங்க. ஃபிட் டு பேஜ் மட்டும் வேண்டாங்க. கட்டம் சுருங்கிரும்."

"ஆகட்டுங்க அம்மணி."

இந்த "ஆகட்டுங்க" இருக்கிறதே… கொங்கு நாட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. செய்கிறேன் என்று அர்த்தம் இருக்கலாம். கேட்டுக்கொண்டேன் என்றும் இருக்கலாம். நீங்கள் பாட்டுக்குச் சொல்லுங்கள், நான் பாட்டுக்குச் செய்கிறேன் என்றும் இருக்கலாம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்கிற வழக்கம் நமக்கு இல்லை. மரியாதைக்குக் குறைச்சல். அதனால் சரி என்று சொல்லிவிட்டுத் தவறாகச் செய்துகொடுப்போம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

முதல் தாள் வந்தது. அளந்தேன். இங்கே ஒரு சின்ன விஷயம் — ஒரே ஒரு கட்டத்தை அளந்து ஏமாறாதீர்கள். பத்துக் கட்டத்தைச் சேர்த்து அளந்தால்தான் வண்டவாளம் தெரியும். பதினைந்து சென்டிமீட்டர் வர வேண்டிய இடத்தில் பதினான்கரைகூட வரவில்லை.

"சுருங்கியிருக்குங்கண்ணா."

"ஆமாங்க, ஓரம் வெட்டிப்போயிருமேன்னு நானே சித்த சுருக்கிப் போட்டனுங்க. பாருங்க, நடுவுல எவ்வளவு லட்சணமா உக்காந்திருக்குது!"

லட்சணமாகத்தான் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், "நல்லாத்தானுங்க இருக்குது, வாங்கிக்கங்க" என்று எனக்குச் சிபாரிசு செய்தார்.

இரண்டாவது தடவை, ஃபைல் திறக்கவில்லை என்று போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை அடித்துவிட்டார். கட்டங்கள் உயரத்தில் நீண்டு செவ்வகமாகிவிட்டன. கோடுகள் ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. மூன்றாவது தடவை அளவு சரி. எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. தாளைத் திருப்பினால் பின்பக்கமும் கட்டம்!

"ரெண்டு பக்கமும் போட்டா பேப்பர் மிச்சமாகுமில்லீங்க?"

மிச்சமாகும். ஆனால் பின்பக்கக் கட்டம் முன்பக்கக் கட்டத்துக்கு நடுவே நிழலாகத் தெரிகிறது. கட்டத்துக்குள் கட்டம். ஏற்கெனவே எண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுகிற பெண்ணுக்கு இதைக் கொடுத்தால் எங்கே போவாள்?

"அண்ணா, நான் உக்காந்து அடிச்சுக்கட்டுங்களா?" என்று கடைசியில் கேட்டே விட்டேன்.

"உக்காருங்க உக்காருங்க. உங்க கடை மாதிரி" என்றார் உடனே. காலையிலேயே கேட்டிருக்கலாம் என்பது போல அப்படி ஒரு சிரிப்பு.

சரியான தாள்களோடு வீட்டுக்கு வந்தேன்; வீணான தாள்களை எல்லாம் அக்கா வாங்கிக்கொண்டாள். ஒயர் கூடை பின்னுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. எந்த இடத்தில் எந்தக் கலர் ஒயர் என்று கட்டத்தில் வண்ணம் அடித்துப் பார்த்துக்கொள்வாளாம்.

"கூடைக்குச் சுருங்கின கட்டமே போதும்டி" என்றாள். பிறகு, "ஏண்டி, ஒரு மில்லி ரெண்டு மில்லி குறைஞ்சா அவளுக்குக் கூட்டல் வராதா?" என்றும் கேட்டாள்.

"அடுத்த பாடம் அளவுகள்க்கா. ஸ்கேல் வெச்சு அளந்தா தப்பா வரும்."

"மொதல்ல இந்தப் பாடம் வரட்டும்" என்றாள் அக்கா. எனக்குக் கோபம்தான் வந்தது. நாள் பூராவும் அலைந்தது யார்?

ஞாயிறு காலை பூசையில் ஃபாதர் என்ன பிரசங்கம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. கோயில் தரையில் பதித்திருக்கிற டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே அளவு. போட்டவன் நன்றாக இருக்க வேண்டும்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஜெனியை உட்கார வைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் தாளை முன்னால் வைத்தேன். இடது பக்கம் சிவப்பு பென்சிலால் மார்ஜின் கோடும் போட்டுக் கொடுத்திருந்தேன். பள்ளித் தாள் மாதிரியே இருக்க வேண்டுமே.

"ஐ… பெரிய பிள்ளைங்க பேப்பர் மாதிரியே இருக்குதுங்க!" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே சனிக்கிழமை முழுவதும் தகும் என்று நினைத்தேன்.

"347, 85. கூட்டு கண்ணு."

மார்ஜினை ஒட்டிய முதல் கட்டத்தில் 3. அடுத்ததில் 4. அடுத்ததில் 7. ஒவ்வொன்றும் கட்டத்துக்குள் அச்சு மாதிரி உட்கார்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கீழ் வரிசைக்கு வந்தாள். 3-க்கு நேர் கீழே 8. 4-க்கு நேர் கீழே 5.

கோடு போட்டாள். கூட்டினாள். 1197.

இத்தனை நேரான தப்பை நான் பார்த்ததே இல்லை.

அவள் பழைய நோட்டில் எண்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்ததால் நாங்கள் எல்லோரும் கையெழுத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது கோணல் போய்விட்டது. உள்ளே இருந்தது பளிச்சென்று தெரிந்தது. ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து என்று இவள் வலது பக்கமிருந்து எழுதவே இல்லை.

கத்த வேண்டும் போல இருந்தது. "ஒன்று, பத்து, நூறு படிச்சியா இல்லையா?" என்று கேட்க வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அவள் பென்சிலை வைத்துவிட்டு, தப்பு என்று தெரிந்துகொண்டு, எப்போது திட்டு விழும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக் கத்த முடியாது. வேறு எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"எட்டை ஏன் கண்ணு அங்க வெச்சே?"

"மார்ஜின் ஒட்டி எழுதணும்ங்க சித்தி."

"யாரு சொன்னா?"

"மிஸ்ஸுங்க. எல்லா லைனும் மார்ஜினைத் தொட்டுத்தான் ஆரம்பிக்கணும். கேப் விட்டா நீட்னெஸ் மார்க் போயிருமுங்க."

இது நம் பள்ளிகள் எல்லாவற்றிலும் இருக்கிற சட்டம். நாமும் அப்படித்தான் படித்தோம். தமிழோ இங்கிலீஷோ, வரி மார்ஜினை ஒட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும். கணக்குக்கு அது பொருந்தாது என்று தனியாக யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. போன வருஷம் வரை வொர்க்புக்கில் எண்களை மேலும் கீழுமாக அவர்களே அச்சடித்துத் தந்தார்கள். விடையை மட்டும் நிரப்பினால் போதும். இந்த வருஷம் மிஸ் போர்டில் பக்கவாட்டில் எழுதிப் போடுகிறார். பிள்ளைகள்தான் மேலும் கீழுமாக எழுதிக்கொள்ள வேண்டும். ஜெனி எழுதிக்கொண்டாள் — சட்டப்படி.

வருஷ ஆரம்பத்திலிருந்து சிவப்பு மையில் "கேர்லெஸ்" வாங்கியவள், வகுப்பிலேயே மிகவும் கேர்ஃபுல்லாக இருந்திருக்கிறாள்.

"லீனாக்கா, இங்க கொஞ்சம் வா" என்றேன்.

அக்கா கூடையைப் போட்டுவிட்டு வந்தாள். தாளைப் பார்த்தாள். மார்ஜின் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கா நான் இவளை ஸ்கூல் திறந்ததுலேர்ந்து திட்டிட்டிருந்தேன்? ஏன் கண்ணு, அம்மாகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலீங்களேம்மா."

அக்கா கேட்கவில்லை, சரி. நான் கேட்டேனா? கட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டேன். கோடு எத்தனை தடிமன் என்று கேட்டேன். மயில்சாமி அண்ணனிடம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். எழுதுகிறவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் பிள்ளைக்கு ஏதாவது வரவில்லை என்றால் நாம் முதலில் செய்வது என்ன? ஏதாவது ஒரு பொருளை வாங்குகிறோம். நோட்டு, ஆப், அபாகஸ், தனி மேஜை. வாங்கி முடிக்கிற வரை மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது.

சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன். ஒரு புதுத் தாளில், மார்ஜின் கோடு போடாமல், வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கனமான கோடு போட்டேன்.

"இது எண்ணுக்கு மார்ஜின். கடைசி எண் இந்தக் கோட்டைத் தொடணும். அங்கிருந்து இந்தப் பக்கமா வரணும். மேல ஒரு வரிசை காலியா விடணும்."

ஜெனி யோசித்தாள். "அப்ப மிஸ் சொன்னது தப்புங்களா?"

மாட்டிக்கொண்டேன். "தப்பில்ல கண்ணு. எழுத்துக்கு மார்ஜின் அந்தப் பக்கம். எண்ணுக்கு இந்தப் பக்கம்."

"இடது பக்கம் பூராக் காலியாக் கெடக்குதுங்க. அசிங்கமா இருக்குது."

"கெடக்கட்டும்."

"மேல ஒரு வரிசையும் காலியா விடச் சொல்றீங்களே?"

"அது மிச்சம் வர்ற எண்ணை வெச்சுக்க. அதுவும் கெடக்கட்டும்."

அரை மனதோடு எழுதினாள். 7 கோட்டைத் தொட்டது. அதற்குக் கீழே 5. ஒரு 1 மேலே ஏறியது, இன்னொரு 1 மேலே ஏறியது. 432.

எழுதிவிட்டு விடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்றுவிட்டாள்.

"சித்தி! வாயில வந்ததும் பேப்பர்ல வந்ததும் ஒண்ணா இருக்குதுங்க!"

அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. 526-ஓடு 9. 708-ஓடு 64. டெஸ்ட்டுக்கு என்று வலது கோடு போட்டு எடுத்து வைத்திருந்த தாள்களையும் கேட்டாள். அக்கா பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் கணக்கு மிஸ்ஸைப் பிடித்தேன். தாள்களைப் புரட்டினார். "நல்லாப் போட்டிருக்கீங்களே… ஆனா மார்ஜின் இடம் மாறியிருக்குதுங்களே?"

வேகமாகச் சொன்னேன். ஜெனி எதனால் தப்பு விடுகிறாள், மார்ஜினை ஒட்டினால் எண் எப்படி இடம் மாறுகிறது, 347, 85, எல்லாம். பாதி சொல்லும்போதே பெல் அடித்துவிட்டது. ஒருபுறம் ஒரு பிள்ளை அழுகிறது, இன்னொருபுறம் வேன் டிரைவர் கூப்பிடுகிறார்.

மிஸ் தாள்களை வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஆகட்டுங்க."

இந்த "ஆகட்டுங்க" எந்த வகை? அன்று முழுவதும் ஆபீஸில் அதே யோசனை. ஒரு ஷாஃப்டின் நீளத்தைத் தப்பாகப் போட்டு, டீம் லீடர் வந்து "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கும்படி ஆனது. மிஸ் அந்தத் தாளைக் கொடுத்தாரா? இல்லை, வேறு தாளைக் கொடுத்து மார்ஜின் ஒட்டி எழுதச் சொல்லிவிட்டாரா? சாயங்காலம் ஜெனியிடம் கேட்டால், "எழுதினனுங்க" என்றாள். எந்தத் தாளில்? "நம்ம தாள்லதானுங்க." எப்படி எழுதினாய்? "வெரசா எழுதினேன்." அதற்கு மேல் தகவல் இல்லை. விளையாடப் போய்விட்டாள்.

நேற்று பேப்பர் வந்தது.

இருபதுக்குப் பதினெட்டரை. கூட்டல் அத்தனையும் சரி. கழித்தலில் ஒன்று தப்பு — அது உண்மையாகவே தப்பு, எல்லோரும் செய்கிற நல்ல தப்பு. இடது பக்கக் கட்டங்கள் எல்லாம் காலியாக, அழகாகக் கிடந்தன. எக்ஸ்ட்ரா கிளாஸ் லிஸ்ட்டில் பெயர் இல்லை. மேலே சிவப்பு மையில் "குட்" என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி: "மார்ஜின் விட்டுத் தள்ளி எழுதியிருக்கிறாள். நீட்னெஸ் — அரை மார்க் குறைவு."

அக்காவுக்கு வந்ததே கோபம். "வெளக்கமாச் சொல்லிப்போட்டு வந்தேன்னியே? போய்க் கேளுடி அந்த அரை மார்க்கை!"

எனக்கும் எரிச்சல்தான். ஆனால் பதினெட்டரைக்கு மேல் சண்டை போட்டால் ஊர் சிரிக்கும். பிள்ளைக்குக் கணக்கு வந்துவிட்டது, மக்கு என்ற பேச்சு இல்லை, பி.டி. பீரியட் தப்பித்தது. போதாதா? விட்டுவிடலாம் என்றுதான் சொன்னேன்.

ஜெனி ஷூவைக் கழற்றிக்கொண்டே அவள் பாட்டுக்குச் சொன்னாள்: "ஹரிணியை எக்ஸ்ட்ரா கிளாஸ்ல போட்டுட்டாங்க சித்தி. இனி கோ-கோவுக்கு வர மாட்டா."

"யாரு ஹரிணி?"

"எம்பக்கத்துல உக்காருவாளே, அவதானுங்க. அவளும் என்னை மாதிரியே மார்ஜின் ஒட்டித்தான் எழுதறா. கேப் விட்டு எழுதுன்னு நானே சொன்னனுங்க. நீட்னெஸ் போயிரும்னு மாட்டேங்கிறா. அவ மக்காமா… அவளே சொல்றா."

மிஸ்ஸைப் பார்க்க நாளைக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். அரை மார்க்குக்காக இல்லை.